நர்ஸம்மா பதில்கள்: அந்தத் தீவுக்காரர்களை ஏன் தொடக் கூடாது?

(சத்தியமங்கலம் மலை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

போன இதழில் தட்டம்மை பற்றி எழுதியபோது, அந்தமானில் உள்ள வடக்கு சென்டினல் தீவைப் பற்றியும், வெளி ஆட்களைக் கிட்டே விடாத பழங்குடி மக்கள் வாழும் அந்தத் தீவுக்கு யாரும் போகக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அதனால் இந்த முறை குழந்தைகளுக்கு என்ன ஆகாரம் கொடுப்பது, எந்தச் சத்து மாத்திரை நல்லது என்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோபிசெட்டிபாளையம், எட்டாம் வகுப்பு மாணவி: நர்ஸம்மா, அந்தத் தீவுல இருக்கறவங்க யாரு போனாலும் அம்பு விடுவாங்களாமே. வெளியில ஒரு உலகம் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதா?

தெரியும் கண்ணு. நன்றாகவே தெரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நகரத்துக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து திருப்பூர் போகிற தூரம்தான். பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர். ஈரோடு மாநகராட்சியில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. முழுக்கக் காடு, சுற்றிலும் பவளப்பாறை. அவர்கள் உழுது பயிர் செய்வதில்லை. காட்டில் பன்றி, கிழங்கு, தேன். கரையோரத்தில் மீன், ஆமை, நண்டு. சின்ன ஓடங்களில் ஏறி, கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் போய் மீன் பிடிப்பார்கள்.

வெளி ஆட்களை அவர்கள் பார்க்காமல் இல்லை. 1867-ல் நினெவே என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி, 106 பேர் கரையேறினார்கள். மூன்றாம் நாள் தீவுக்காரர்கள் வில்லோடு வந்து தாக்கினார்கள். கடைசியில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் வந்து அவர்களை மீட்டுக்கொண்டு போனது. 1981-ல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் பவளப்பாறையில் சிக்கிக்கொண்டது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். அதற்குப் பிறகு தீவுக்காரர்கள் அந்தக் கப்பலிலிருந்து இரும்பை எடுத்து, தட்டித் தட்டி அம்பு முனை செய்துகொண்டார்கள். ஆக, கப்பல் தெரியும், இரும்பு தெரியும், தலைக்கு மேல் பறப்பதும் தெரியும்.

ஆனால் அவர்கள் ஏன் நம்மைக் கிட்டே விடுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, 1880-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும். மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆட்களோடு போய், ஒரு வயதான கணவன் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே ஆறு பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. பெரியவர்கள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். பிள்ளைகள் நான்கு பேரையும் நிறையப் பரிசுப் பொருள்களோடு தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இதை அந்த அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு அந்தப் பரிசுப் பொருள்கள் மேல்தான் கோபம் கோபமாக வருகிறது. நோய் கண்ட இடத்திலிருந்து, காய்ச்சல் பட்ட பிள்ளைகளை, அந்த நோயைப் பார்த்தே இராத ஊருக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பரிசோடு சேர்ந்து கிருமியும் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். உன் ஊருக்கு அப்படி நடந்திருந்தால், உன் பாட்டி அதை உன் அம்மாவுக்குச் சொல்லியிருப்பார், அம்மா உனக்குச் சொல்லியிருப்பார். கரையில் படகு தெரிந்தால் வில்லை எடு என்பதை அவர்கள் காரணம் இல்லாமல் பழகியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: இந்தக் காலத்துலயும் மனுசங்களைக் காட்டுல அப்படியே விட்டு வைக்கறது நியாயமாங்க? தடுப்பூசி போட்டு, வீடு கட்டிக் கொடுத்து, நம்மள மாதிரி கொண்டு வரக் கூடாதா?

உங்கள் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன் தம்பி. தடுப்பூசி போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஐஸ் பேக் வைத்த வேக்ஸின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடம்பூர் மலையில் நடந்த கால் இது. அதனாலேயே சொல்கிறேன், அந்தத் தீவுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் போகக் கூடாது.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் மணல்வாரி என்று சொல்வோம். மேலெல்லாம் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அந்த நான்கு நாளில் அந்த ஆளைப் பார்த்தால் சாதாரணச் சளி, காய்ச்சல் மாதிரிதான் தெரியும். அவர் இருந்துவிட்டுப் போன அறையின் காற்றிலேயே இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக அது வந்து வந்து போனது. பட்டுப் பிழைத்தவருக்கு எதிர்ப்பு சக்தி வந்தது. இப்போது 9 மாதத்தில் ஒரு ஊசி, ஒன்றரை வயது வாக்கில் இன்னொரு ஊசி போட்டுவிடுகிறோம். அந்தத் தீவில் இந்த இரண்டும் கிடையாது.

இரண்டும் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. வடக்கு அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகளில் 65 வருடமாகத் தட்டம்மையே வரவில்லை. 1846-ல் வந்தது. 7,782 பேரில் சுமார் 6,000 பேர் சில மாதங்களில் படுத்துவிட்டார்கள். அங்கே போன பனும் என்ற இளம் டாக்டர், 1781-ல் சின்ன வயதில் அம்மை கண்டிருந்த கிழவர் கிழவிகளுக்கு மட்டும் இந்த முறை வரவில்லை என்று கண்டு எழுதினார். அது ஐரோப்பியர்கள் வாழ்ந்த தீவு, டாக்டர் போக முடிந்த தீவு. 1875-ல் ஃபிஜியில் நடந்தது இன்னும் கொடுமை. ஃபிஜி அரசர் தன் பிள்ளைகளோடு சிட்னிக்கு விருந்தாளியாகப் போய்விட்டுத் திரும்பினார். கப்பலில் தட்டம்மையும் வந்தது. சுமார் 40,000 பேர் செத்துப்போனார்கள், அதாவது ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் படுத்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருக்காது, சமைக்கவும் ஆள் இருக்காது. அம்மையில் தப்பியவரும் பசியில், தாகத்தில் போய்விடுவார்.

அந்தமானிலேயே நடந்ததையும் கேளுங்கள். 1858-ல் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே கைதிகள் குடியேற்றம் அமைத்தபோது, கிரேட் அந்தமானியர் என்ற மக்கள் சுமார் 5,000 பேர் இருந்தார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களைத் 'திருத்துவதற்காக' அந்தமான் ஹோம் என்று விடுதி கட்டி, சோறு போட்டு, துணி கொடுத்து வைத்தார்கள். நீங்கள் கேட்ட அதே வீடும் துணியும்தான் தம்பி. அந்த விடுதியில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை. 1877-ல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் இன்னொரு தீவில் போய் அதே வேலையைத் தொடங்க எனக்கு மனசு வராது.

"சரி, முதலிலேயே ஊசி போட்டுவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஊசி போட ஆள் கிட்டே போக வேண்டும். போகிற ஆளோடுதான் சளியும் ஃப்ளூவும் போகும். சாதாரணச் சளிக்கு ஊசியே கிடையாது. அப்புறம், ஊசி என்பது ஒரு தடவை குத்திவிட்டு வருகிற வேலை இல்லை. கடம்பூர் மலையில் ஒரு இருளர் ஊரில் ஒரு பாட்டி என்னை வாசலிலேயே நிறுத்தி, "ஊசி போட்டுட்டு நீ போயிருவ. ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பாரசிட்டமால் சொட்டு கொடுத்து, விடிந்த பிறகுதான் இறங்கினேன். அடுத்த மாதம் அந்தப் பாட்டியே பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காத்திருந்தார். பேச ஒரு மொழி இருந்ததால் அது நடந்தது. சென்டினல் தீவு மக்களின் பேச்சு, பக்கத்துத் தீவு ஓங்கே மக்களுக்கே புரியவில்லை. யாரிடம் சம்மதம் கேட்பது? ராத்திரி யார் தங்குவது?

கரூர், வாசகர்: அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? எப்படி எண்ணினார்கள்?

2001 கணக்கெடுப்பில் 39, 2011-ல் 15. படகில் இருந்துகொண்டு, தூரத்தில் கரையில் கண்ணுக்குத் தெரிந்தவர்களை எண்ணியது. காட்டுக்குள் இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். 50-லிருந்து 200 வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 39-லிருந்து 15-க்குக் குறைந்துவிட்டார்கள் என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

ராசிபுரம், எழுபது வயதுப் பாட்டி (பேத்தி எழுதித் தந்த கடிதம்): அவங்க ஒருக்காகூட நல்லபடியா ஆளுங்களைப் பாத்ததில்லையா கண்ணு?

பார்த்திருக்கிறார்கள் அம்மா. 1991 ஜனவரி 4. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண்ணும் இருந்த குழு படகில் போய், தேங்காய்களைத் தண்ணீரில் மிதக்க விட்டது. அந்தத் தீவில் தென்னை கிடையாது. ஆண்கள் இறங்கி வந்து தேங்காயை எடுத்துக்கொண்டார்கள். ஒரு இளைஞன் வில்லை நாணேற்றி அந்தப் பெண்ணைக் குறி பார்க்க, கரையில் இருந்த ஒரு பெண் அவனைத் தள்ளிவிட்டார். அம்பு தண்ணீரில் விழுந்தது. அப்புறம் கைக்குக் கை தேங்காய் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தத் தீவுப் பெண்தான். வேண்டாம் என்று தடுக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பயணங்களை 1990-களின் நடுவிலேயே அரசு நிறுத்திவிட்டது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினார்கள் என்று சிலர் கேட்பார்கள். நிறுத்தியதுதான் சரி. தேங்காய் கொடுக்கும் கைக்கும் இருமல் வரும். 1990-களின் கடைசியில், அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்கள் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-லேயே அவர்களுக்குத் தட்டம்மை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் சமாளித்தார்கள்.

பொள்ளாச்சி, யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்: அக்கா, நாங்க அந்தமான் டூர் போறோம். தீவுல இறங்க மாட்டோம். போட்ல போய் தூரத்துல இருந்து வீடியோ மட்டும் எடுக்கலாமா?

கூடாது தம்பி. 1956-ம் வருடத்துப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட பகுதி. தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் தூரத்துக்குள், யாரும் போகக் கூடாது. படம் எடுப்பதும் குற்றம். 2018 நவம்பரில் ஒரு அமெரிக்க இளைஞர் மதம் பரப்ப அங்கே போய் அம்பு பட்டு இறந்தார். அவருடைய உடலைக்கூட எடுக்கவில்லை. அதுவே சரியான முடிவு. அவருக்கு உதவிய ஏழு பேரைக் கைது செய்தார்கள், அதில் பெரும்பாலானோர் மீனவர்கள். பணத்துக்கு ஆசைப்பட்டு வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் பிழைப்புக்கு அல்லாடுகிற உள்ளூர்க்காரர்கள் என்பதையும் யோசியுங்கள். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் ரப்பர் படகில் போய், மணலில் ஒரு தேங்காயும் ஒரு குளிர்பான டின்னும் வைத்துவிட்டு, வீடியோ எடுத்துக்கொண்டு திரும்பிக் கைதானார். அந்த டின்னில் அவருடைய கை பட்டிருக்கும். தீவில் ஒரு குழந்தை அதை எடுத்து வாயில் வைத்திருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்தமானில் பாராடாங் என்ற தீவுக்குப் போகிற வழியில் ஜாரவா காடு வரும். அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், கேமராவைத் தூக்காதீர்கள், பிஸ்கட் எறியாதீர்கள். அவர்களைச் சாப்பாட்டுக்காக ஆட வைத்து எடுத்த வீடியோ 2012-ல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. உங்கள் சேனலுக்கு ஆனைமலையில் ஆயிரம் விஷயம் இருக்கிறது.

ஈரோடு, கல்லூரி மாணவர்: இப்படித் தனியாகவே இருந்தால் அவர்கள் தானாகவே அழிந்துவிட மாட்டார்களா?

2004 டிசம்பர் 26 சுனாமியில் எல்லாரும் அப்படித்தான் பயந்தார்கள். தீவின் பவளப்பாறை ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டது, மீன் பிடிக்கும் இடங்கள் வறண்டன. இரண்டு நாள் கழித்துக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் பார்க்கப் போனபோது, ஒரு ஆள் கரையில் ஓடி வந்து வில்லை மேலே தூக்கிக் குறி பார்த்தார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் உதவி இல்லாமல் பிழைத்திருந்தார்கள்.

நம் உதவியோடு இருந்தவர்கள் கதையையும் சொல்லிவிட்டேன். ஓங்கே மக்கள் 1901-ல் 672 பேர், இப்போது நூற்றுச் சொச்சம். அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கிறார்கள். 2008 டிசம்பரில் கரை ஒதுங்கிய ஒரு கேனில் இருந்ததைச் சாராயம் என்று நினைத்துக் குடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். சாராயப் பழக்கம் அவர்கள் காட்டில் முளைத்தது இல்லையே. சிறிய கூட்டத்துக்கு ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்த ஆபத்தை நாம் கூட்ட வேண்டாம் என்கிறேன்.

கோவை, ஓய்வுபெற்ற அதிகாரி: நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இதையே நம் மலைவாழ் மக்களுக்கும் செய்தால் என்ன? ரோடு, செல்போன் எல்லாம் கொடுத்து அவர்களுடைய பண்பாட்டைக் கெடுக்காமல் அப்படியே விட்டுவிடலாமே?

ஐயா, இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். மரியாதையோடு மறுக்கிறேன்.

நம் மலைகளில் இருப்பவர்கள் நம்மை விட்டு விலகி வாழ்ந்தவர்கள் இல்லை. ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், புலையர், எரவாளர். இந்தப் பக்கம் கடம்பூர், தாளவாடியில் ஊராளி, சோளகர், இருளர். தேனும் புளியும் கடுக்காயும் சீமாறும் அவர்கள் கொண்டுவந்துதான் நம் சந்தைக்கு வந்தன. டாப்சிலிப்பில் பிரிட்டிஷ்காரர்கள் தேக்கு வெட்டியபோது காட்டு வழி காட்டியவர்கள் அவர்கள். கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் மலசர் மாவுத்தர்கள்தான் யானையோடு பேசுகிறார்கள். நாம் அவர்களுடைய காட்டில் எஸ்டேட் போட்டோம், அணை கட்டினோம், புலிகள் காப்பகம் அறிவித்தோம். காட்டை எடுத்துக்கொண்ட பிறகு, "ரோடு கேட்காதே, உன் பண்பாடு கெட்டுப்போகும்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நான் பணியில் இருந்த காலத்தில் மாயாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பரிசலில்தான் போக வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் பரிசல் நின்றுவிடும். பிரசவ வலி நிற்குமா? மலையில் பெண்களைத் தூளி கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அப்படி இறங்கும் வழியில், ஒரு பாறை ஓரத்தில், டார்ச் வெளிச்சத்தில் நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். குழந்தை அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. கீழே ஜீப் வருவதற்குள் அவர் போய்விட்டார். அவருக்குப் பத்தொன்பது வயது. இன்று அந்த ஊரில் யாராவது ரோடு வேண்டும் என்று மனு எழுதினால், முதல் கையெழுத்து நான் போடுவேன்.

அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது ரகசியம் இல்லை. ஜீப் போகிற ரோடு, தினமும் வருகிற வாத்தியார், 108-ஐக் கூப்பிட சிக்னல், 2006 வன உரிமைச் சட்டத்தில் சொன்ன பட்டா. சாதிச் சான்றிதழும் கேட்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து மலையாளி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, நம் மலைவாழ் மக்களின் பெயர் அது) பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எத்தனையோ வருடமாக அலைகிறார்கள். இதே மக்கள் சேலம், தருமபுரி, கொல்லிமலைப் பக்கம் பட்டியலில் இருக்கிறார்கள். மலை நடுவில் மாவட்டக் கோடு போனதால் ஈரோட்டுப் பக்கத்து பர்கூர் மலைப் பிள்ளைக்குக் கல்லூரி இடம் கிடைக்காமல் போகிறது.

சென்டினல் தீவுக்காரர்கள் வேண்டாம் என்பதை வில்லால் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்கிறோம். கடம்பூர்க்காரர்கள் வேண்டும் என்பதை மனுவில் எழுதுகிறார்கள். அதையும் அதே மரியாதையோடு கேட்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்காதீர்கள் ஐயா.

பெருந்துறை, மகளிர் குழு: பொங்கலுக்கு மலை ஊர்களுக்குப் பழைய துணி சேர்த்து அனுப்பலாம்னு இருக்கறோம்ங்க. எந்த ஊருக்கு அனுப்பறதுங்க?

துணி அனுப்ப வேண்டாம் அம்மிணிகளா. மலை ஊர்களில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி கிடக்கிறது, உடுத்துகிற நிலையில் பாதி இல்லை. சேர்த்த பணத்தோடு இரண்டு பேர் மலைக்குப் போய், ஊர்ப் பெரியவர்களிடமும் அங்கே இருக்கும் செவிலியரிடமும் என்ன தேவை என்று கேளுங்கள். நான் இருந்த ஊர்களில் கேட்டிருந்தால், பிரசவத் தேதி நெருங்கிய பெண்கள் ஒரு வாரம் முன்பே கீழே வந்து தங்க வாடகைக்கு ஒரு அறை, கூட வருகிறவருக்குச் சாப்பாடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். இருமல், காய்ச்சல் இருக்கிறவர்கள் அந்த முறை போகாதீர்கள். போகிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு தவணை தட்டம்மை ஊசியும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.